பீன்ஸின் கடைவாயில் பதினோரு புழு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பெங்களூர் ஆஸ்டின் டவுன் கல்யாண மண்டபத்து வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. முகூர்த்த நாள் அல்ல. மாப்பிள்ளை கிடையாது, பெண் கிடையாது, பந்தியும் கிடையாது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு வால் இருந்தது.

ஸ்வெட்டர் போட்ட லாப்ரடார் ஒன்று. குழந்தை வண்டியில் சாய்ந்தபடி ஒரு பக் நாய். முதுகுப்பைக்குள்ளிருந்து கண்ணாடி வழியே உலகத்தை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்த பாரசீகப் பூனைகள் நாலைந்து. அவற்றைப் பிடித்திருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். இரண்டு பட்டத்துக்குக் குறைந்தவர் அந்த வரிசையில் அபூர்வம். எல்லார் முகத்திலும் பக்தி வழிந்தது. நாய்களுக்கு மட்டும் பக்தி போதாது. மண்டபத்து வாழைமரத்தில் எப்போது காலைத் தூக்கலாம் என்பதிலேயே குறியாக இருந்தன.

வாசலில் மூன்று மொழிகளில் பேனர். ‘ஸ்ரீ தந்தானந்தா குருஜியின் செல்லப்பிராணி தந்த சுத்தி மகா முகாம். கத்தி இல்லை. ஊசி இல்லை. மயக்கம் இல்லை. பூர்வ ஜென்ம வினை புழுவாக வெளியே வரும்.’ கீழே புன்னகையோடு குருஜி. கழுத்தில் நாய்க்குட்டிகளின் பால்பற்களைக் கோத்த மாலை.

வரிசையில் நாற்பத்து மூன்றாவதாக நின்றான் உத்தமன். வாணியம்பாடிக்காரன், வயது முப்பத்தாறு, மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் பன்னிரண்டு வருடமாக அவன் பிழைப்பு. ஒரு பட்டனைக் காட்டினால் அதை நூற்று நாற்பது விதமாக அழுத்திப் பார்ப்பான். சந்தேகப்படுவதற்கே மாதச் சம்பளம். ஆனால் ஆறு மணியானதும் லேப்டாப்போடு சேர்த்துச் சந்தேகத்தையும் மூடி வைத்துவிட்டுக் கிளம்புகிற ஒழுங்கான ஊழியன்.

அவன் காலடியில் பீன்ஸ். ஐந்து வயது பீகிள் நாய். ஊரடங்குக் காலத்தில் உத்தமனும் தாரணியும் நாலு சுவருக்குள் ஒருவரையொருவர் கடித்துக் குதறாமல் காப்பாற்றிய ஜீவன். கொஞ்ச நாளாக அதன் வாயைத் திறந்தால் வீட்டில் எல்லாரும் ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது.

கால்நடை மருத்துவர் அம்ருதா ஏற்கெனவே பார்த்திருந்தார். உதட்டைத் தூக்கிக் காட்டி, “பாருங்க, பல்லுல பழுப்பா காரை கட்டியிருக்கு. மயக்கம் குடுத்து சுத்தம் பண்ணணும். ஒருமணி நேர வேலை” என்றார்.

மயக்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் உத்தமன் பீன்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “மயக்கத்துலேர்ந்து எழுந்திருக்கலைன்னா, டாக்டர்?”

“ரத்தப் பரிசோதனை பண்ணிட்டுத்தான் குடுப்போம். ரொம்ப அபூர்வமாத்தான்…”

அபூர்வமாக என்றால் நடக்கும் என்றுதானே அர்த்தம்! உத்தமன் பீன்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை. அந்த வாரமே அலுவலகத் தோழி சஹானா ஒரு வீடியோ அனுப்பினாள். கூடவே பேசினாள்: “உத்தமன், சீரியஸா சொல்றேன். எங்க நாய் மோச்சிக்கு ஒம்பது புழு வந்துச்சு. என் கண்ணால பாத்தேன். சும்மா கிண்டல் பண்ணாதே.”

கண்ணால் பார்த்தேன் என்று ஒரு எம்.டெக். பட்டதாரி சொன்ன பிறகு அப்பீல் ஏது?

மேடையில் காரியம் மளமளவென்று நடந்தது. குருஜியின் மைத்துனர் ராஜேஷ்குமார் கையில் டேப்லட்டோடு பெயர், ராசி, மொபைல் எண் எல்லாம் பதிந்துகொண்டார். காணிக்கைக்கு க்யூஆர் கோடு. நாயை மேஜை மேல் நிறுத்தி இரண்டு ஆட்கள் இறுகப் பிடித்துக்கொள்வார்கள். குருஜி ஒரு தடிமனான காவித் துண்டை அதன் தலையில் போர்த்துவார். பித்தளைக் குழலில் வேப்பிலைப் புகை. கழுத்தில் தொங்கும் மைக்கில் மந்திரம். பிறகு துண்டின் மேல் மூன்று தட்டு. தாடைக்குக் கீழே வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டில் பொத்துப் பொத்தென்று புழுக்கள் விழும். மஞ்சள் நிறம். உயிரோடு நெளியும். பின்னால் இருக்கும் பெரிய திரையில் அவை மலைப்பாம்பு அளவுக்குத் தெரியும். கூட்டம் கைதட்டும்.

உலகத்தில் வாய்க்குள் எட்டிப் பார்க்காமல் பல் வைத்தியம் செய்கிற ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார். எப்போதும் நாயின் வால் பக்கமாகவே நிற்பார். அதற்கும் தத்துவம் வைத்திருந்தார். “வாயைப் பாக்கறவன் டாக்டர். வினையைப் பாக்கறவன் குரு!” விசில் பறந்தது. கடித்துவிடும் என்ற பயம் என்று சொன்னால் விசில் கிடைக்குமா?

பீன்ஸின் முறை வந்தது. குருஜி கண்ணை மூடினார்.

“போன ஜென்மத்துல இவன் ஒரு வக்கீல். பொய் பேசின வாய் இது. ஒரு பொய்க்கு ஒரு புழு.”

பீன்ஸ் மறுப்பேதும் சொல்லவில்லை. அதன் முகம் துண்டுக்குள் இருந்தது.

பதினோரு புழு விழுந்தது. உத்தமனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், இவ்வளவையும் வாயில் வைத்துக்கொண்டா இத்தனை நாளும் வாலாட்டியது! செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். குருஜி பீன்ஸின் ஈறில் ராஜேஷ்குமாரை விட்டு ஒரு தைலம் தடவச் செய்தார். அப்புறம் கறுப்பாக, வழவழவென்று, இரும்புத் துண்டு மாதிரி ஓர் எலும்பைக் கொடுத்தார். ஜெப எலும்பாம். தினமும் ஒருமணி நேரம் நாய் அதைக் கடிக்க வேண்டுமாம். “டாக்டர்கிட்ட மட்டும் போகாதே. கத்தி பட்டா மிச்ச வினை ரத்தத்துல கலந்துடும்.”

வீட்டில் தாரணி காத்திருந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். போட்டோவை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மேஜை மேலிருந்து ஸ்கேலை எடுத்தாள்.

“ஏங்க, ஒரு புழு ஒரு இஞ்சு இருக்கும் போலயே?”

“இருக்கும்.”

“பதினொண்ணையும் வரிசையா வச்சா பதினோரு இஞ்சு. பீன்ஸ் மூஞ்சியே நாலு இஞ்சுதான். உள்ள எப்படிங்க குடியிருந்துச்சு? மாடி கட்டியா?”

“உள்ள சூட்சுமமா இருக்குமாம். வெளிய வந்தாதான் உருவம் எடுக்குமாம்.”

“உங்க ஆபீஸ்ல ஒருத்தன் இப்படிச் சொன்னா விடுவீங்களா?”

“அது ஆபீஸ்,” என்றான் உத்தமன். “வாய் நாத்தம் போயிருச்சா இல்லையா, அதைச் சொல்லு.”

போயிருந்தது உண்மைதான். கிராம்புத் தைலம் தடவினால் சாக்கடைகூட இரண்டு நாள் மணக்கும். மூன்றாம் நாள் பழைய வாசனை திரும்பி வந்தது. அதற்கென்ன, ஜெப எலும்பு இருக்கிறதே! பீன்ஸ் விசுவாசமாக அதைக் கடித்தது. ஹாலில் கருங்கல் உடைக்கிற சத்தம் கேட்டது.

மூன்றாவது வாரம் ஒருநாள் கடக்கென்று ஒரு சத்தம். பீன்ஸ் எலும்பை அங்கேயே போட்டுவிட்டு சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்று முதல் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும், பார்க்கும், திரும்பிப் போய்விடும். நாலு நாளில் இடது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம்.

உத்தமன் மறுபடி மண்டபத்துக்கு ஓடினான்.

குருஜி தூரத்திலிருந்தே பார்த்தார். ஒரு கணம் முழித்தார். மறுகணம் இரண்டு கையையும் உயர்த்தினார்.

“ஆஹா! இவனுக்கு மூணாவது கண்ணு திறக்குது!”

மண்டபமே எழுந்து நின்றது. முன்வரிசையில் தொண்டர் பேட்ஜ் குத்தியிருந்த ஆராவமுதன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மாநில அரசில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர். முப்பது வருட சர்வீஸில் வந்த கோப்பையெல்லாம் ‘ஆதாரம் இணைக்கப்படவில்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பியவர். இப்போது பிங்கி என்ற வெள்ளைப் பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் வருகிறார்.

“குடுத்து வச்சவர் சார் நீங்க,” என்று உத்தமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “எங்க பிங்கிக்கு மூணு வருஷமா புழுதான் வரது. கண்ணு வரலை.”

அன்று பீன்ஸிடமிருந்து பதினேழு புழு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பீன்ஸ் முனகிக்கொண்டே வந்தது. மூன்றாவது கண் திறந்த நாய், இருக்கிற இரண்டு கண்ணையும் திறக்க முடியாமல் படுத்துக் கிடந்தது. மறுநாள் காலையில் தாரணி கறாராகச் சொன்னாள்: “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் நானே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடுவேன்.”

புதன்கிழமை உத்தமன் நீலசந்திராவில் ஒரு கடைக்குப் போனான். கலர் மீன், தொட்டி, நாய்ச் சாப்பாடு எல்லாம் விற்கிற கடை. கடிக்காமல் விழுங்குகிற மாதிரி கூழ் உணவு அங்கே கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் ஃபாத்திமா, ஐம்பது வயதைத் தொடும் பெண். கல்லாப்பெட்டி மேல் ஒரு கிழட்டுச் சாம்பல் பூனை, முனிசிபல் கவுன்சிலர் மாதிரி சாய்ந்து படுத்திருந்தது.

உத்தமன் டப்பாவை வாங்கித் திரும்பினான். காலடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் தவிடு. தவிட்டுக்குள் மஞ்சளாக ஏதோ நெளிந்தது.

“அக்கா!” என்று கத்திவிட்டான். “பல் புழு!”

ஃபாத்திமா நிமிர்ந்து பார்த்தார். “எது தம்பி?”

“இதோ, இது! இவ்வளவு பல் புழு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“அரே, என்னா தம்பி நீ! இது மீன் தீனி. பெரிய மீனுங்களுக்குப் போடறது. தவிட்டுல வளக்கறோம்.”

உத்தமன் செல்போனை எடுத்தான். பதினோரு புழு போட்டோவைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தான். அதே நிறம். அதே வரி வரியான உடம்பு. ஒரு புழுவின் முதுகில் துளித் தவிடுகூட ஒட்டியிருந்தது. நாயின் பல்லில் தவிடு எங்கிருந்து வரும்? பன்னிரண்டு வருட உத்தியோகம் அவன் மண்டைக்குள் மெல்லக் கண் விழித்தது.

“ஒரே ஜாதிப் புழுவா இருக்கலாம் இல்லக்கா?” என்றான். அப்போதும் ஆசை விடவில்லை.

“இருக்கலாம்,” என்றார் ஃபாத்திமா. “ஆனா ஒண்ணு கேளு. ஒவ்வொரு சனிக்கிழமையும் போன்ல ஆர்டர் வரும். அரைக் கிலோ. டெலிவரி ஆளு வந்து வாங்கிட்டுப் போவான். அட்ரஸ் என்னா தெரியுமா? ஆஸ்டின் டவுன் கல்யாண மண்டபம். கல்யாண மண்டபத்துல என்னாத்துக்கு மீன் தீனின்னு நானும் மூணு வருஷமா மண்டையை உடைச்சிக்கிறேன். கேட்டரிங்கோன்னு பயந்துகூடப் போயிட்டேன்.”

உத்தமன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கதையை முழுக்கச் சொன்னான். செல்போனில் பீன்ஸின் வீங்கிய முகத்தைக் காட்டியதும் ஃபாத்திமாவின் சிரிப்பு நின்றது.

“இது கண்ணு இல்ல தம்பி. சீழு. மொதல்ல டாக்டர்கிட்ட ஓடு. சாமியார் எங்கியும் போக மாட்டார்.”

“மயக்க மருந்து குடுப்பாங்கக்கா.”

“குடுக்கட்டும். எங்க நவாபைப் பாரு.” பூனையின் தாடையை இரண்டு விரலால் பிடித்துத் திறந்தார். உள்ளே ரோஜா நிறத்தில் ஈறு. ஈறு மட்டும்தான். ஒரு பல்கூட இல்லை. “வாயெல்லாம் புண்ணாயி, தண்ணிகூடக் குடிக்காம கெடந்துச்சு. டாக்டர் அம்மா எல்லாப் பல்லையும் எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. நான் அன்னைக்கு வாசல்ல உக்காந்து அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இப்ப ஒரு வேளைக்கு ஒரு மத்தி மீனு முழுசா உள்ள போவுது.”

நவாப் வாயை மூடிக்கொண்டு மறுபடி படுத்தது. உத்தமன் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஞாயித்துக்கிழமை கடை லீவுதானே?”

ஃபாத்திமாவுக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் தொட்டி மீன்களெல்லாம் ஒரு மூலைக்கு ஓடின.

மறுநாள் காலையிலேயே பீன்ஸ் அம்ருதாவின் மேஜையில் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மேல் கடைவாய்ப் பெரிய பல் குறுக்கே பிளந்து, வேர் வரைக்கும் சீழ். டாக்டர் ஜெப எலும்பை வாங்கிக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினார். நகம்தான் வளைந்தது.

“நகத்தை அழுத்தினா பள்ளம் விழாத எதையும் கடிக்கக் குடுக்கக் கூடாது. இது பல்லை உடைக்கிற சுத்தியல். யாரு குடுத்தா?”

உத்தமன் எலும்பை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

“இவன் கொறஞ்சது ஒரு வாரமா வலியில இருந்திருக்கான் சார். நாய்ங்க வலியை வெளிய காட்டாது. நீங்க கூப்பிட்டா அந்த வலியோடயே வாலாட்டிட்டு வரும்.”

மயக்க ஊசி போட்டபோது பீன்ஸ் அவன் கையை நக்கிக்கொண்டே தூங்கிப்போயிற்று. வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம். தாரணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ‘நான்தான் சொன்னேனே’ என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கதவு திறந்தது. நாக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கமாக, குடித்துவிட்டு வருகிறவன் போல் பீன்ஸ் தலையைத் தூக்கிப் பார்த்தது. உத்தமன் அழுதேவிட்டான்.

எடுத்த பல்லை டாக்டர் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார். மூன்று வேர். நடுவில் பிளவு. உத்தமன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “புழு எதுவும்…”

“பல்லுக்குள்ள புழுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார்,” என்றார் அம்ருதா. “காரை இருக்கும், கிருமி இருக்கும். அந்தக் கிருமி கண்ணுக்கே தெரியாது. தினமும் பிரஷ் பண்ணுங்க, நாய்க்குன்னு விக்கிற பேஸ்ட்டுல. உங்க பேஸ்ட்டைப் போட்டுடாதீங்க, அது அதுக்கு ஆகாது. அவ்வளவுதான் மந்திரம்.”

ஞாயிறு. மண்டபத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். மூன்றாவது கண் வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ராஜேஷ்குமார் டேப்லட்டோடு ஃபாத்திமாவிடம் வந்தார். சனிக்கிழமை ஆர்டர் கொடுக்கும்போது போனில் கேட்ட குரலை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“பேரு?”

“நவாப்.”

“பிரச்சினை?”

“பல்லால ரொம்ப வருஷம் கஷ்டப்பட்டுச்சு சார்.” அத்தனையும் சத்தியம்.

மேடையில் நவாபின் தலைமேல் காவித் துண்டு விழுந்தது. புகை. மந்திரம். குருஜி வால் பக்கம் நின்று கண்ணை மூடினார்.

“போன ஜென்மத்துல இவன் அரண்மனைச் சமையல்காரன். ராஜாவுக்கு முன்னாடி ருசி பாத்த பல்லு இது!” மூன்று தட்டு. பொத்துப் பொத்தென்று பன்னிரண்டு புழு. கைதட்டல்.

“குருஜி,” என்றார் ஃபாத்திமா, “எந்தெந்தப் பல்லுன்னு மைக்ல கொஞ்சம் சொல்லுங்களேன். வீட்டுல கேப்பாங்க.”

குருஜிக்கு மைக் என்றால் மறுப்புக் கிடையாது. “மேல் இடது கோரைப்பல்லுல ஏழு! கீழ்க் கடைவாய்ப் பல்லுல அஞ்சு!”

“இனிமே பல்லெல்லாம் ஸ்ட்ராங்கா இருக்குமா?”

“இரும்பு மாதிரி இருக்கும், தாயி!”

ஃபாத்திமா துண்டை விலக்கினார். நவாபின் தாடையைப் பிடித்து வீடியோ கேமராவுக்கு நேரே திறந்தார். பின்னால் இருந்த பெரிய திரை முழுக்க ஈறு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ரோஜா நிறத்தில் வழவழவென்று ஈறு.

கைதட்டிய கைகள் பாதியில் நின்றன. ஒரு பக் மட்டும் தும்மியது.

“இந்தப் பூனைக்குப் பல்லே கிடையாதுங்க,” என்றார் ஃபாத்திமா. “ரெண்டு வருஷம் முன்னாடியே எல்லாத்தையும் எடுத்தாச்சு. குருஜி சொன்ன கோரைப்பல்லு எங்கன்னு யாராவது வந்து காட்டுங்க பாப்போம்.”

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். உத்தமனும் அப்படித்தான் நினைத்தான். அப்போது முன்வரிசையில் ஆராவமுதன் எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

“பாத்தேளா! பாத்தேளா எல்லாரும்! பல்லு இருந்தா எவன் வேணா எடுப்பான். இல்லாத பல்லுலேர்ந்தே புழு எடுத்துட்டாரே, எப்பேர்ப்பட்ட மகான்!”

குருஜி ஒரு கணம் தன் அதிர்ஷ்டத்தையே நம்ப முடியாமல் நின்றார். பிறகு மைக்கை வாயருகே இழுத்தார். “ஆமா! அது சூட்சும தந்தம்! எடுத்த பல்லோட ஆவி!”

மண்டபம் அதிர்ந்தது. முதல் முறையைவிடப் பெரிய கைதட்டல். ஒரு அம்மாள் அழுதுகொண்டே வந்து நவாபின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

ஆனால் உத்தமன் அன்று சந்தேகத்தை மூடி வைத்துவிட்டு வரவில்லை. மேடையில் ஏறினான். பின்னாலேயே தாரணி, கையில் பீன்ஸைக் குளிப்பாட்டித் துவட்டுகிற நீலத் துண்டு.

“குருஜி, அதே பூனை, அதே புகை, அதே மந்திரம். துண்டு மட்டும் இது. இன்னொரு தடவை பண்ணிக் காட்டுங்க.”

குருஜியின் சிரிப்பு லேசாகச் சுருங்கியது. “அதெல்லாம் ஆகாதப்பா. காவித் துண்டுலதான் மந்திர சக்தி ஏத்தியிருக்கு.”

“அப்ப புழு எடுக்கிற சக்தி உங்ககிட்ட இல்ல. துண்டுலதான் இருக்கு. அப்படித்தானே?”

ஆமாம் என்றால் குரு போச்சு. இல்லை என்றால் நீலத் துண்டு காத்திருக்கிறது. குருஜி ராஜேஷ்குமாரைப் பார்த்தார். ராஜேஷ்குமார் டேப்லட்டைப் பார்த்தார். “துண்டுலதான்…” என்று இழுத்தார் குருஜி.

“ரொம்ப நல்லது.” உத்தமன் காவித் துண்டை எடுத்தான். மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் நின்ற இன்னொரு மைக்கின் தலையில் போர்த்தினான். மூன்று தட்டுத் தட்டினான்.

டப்! டப்! டப்! என்று ஸ்பீக்கர் முழங்கியது. மைக்கின் வாயிலிருந்து மஞ்சள் புழுக்கள் உதிர்ந்தன. உத்தமன் எண்ணினான். “மைக்குக்குப் பதினாலு. போன ஜென்மத்துல இது எந்த மாதிரிப் பொய் பேசுச்சோ தெரியலை.”

எங்கோ ஒருவர் சிரித்தார். அப்புறம் நாலு பேர். தாரணி துண்டின் ஓரத்தை உயர்த்திப் பிடித்தாள். மடித்துத் தைத்த விளிம்பில் நீளமாக ஒரு பை, தட்டினால் திறந்துகொள்கிற ஓட்டைகளோடு. அதை உதறினாள். ஒரு கைப்பிடிப் புழுவும் தவிடும் தரையில் கொட்டியது. “இந்தச் சரக்கு நம்ம கடையுது,” என்றார் ஃபாத்திமா கூட்டத்தைப் பார்த்து. “நல்ல மீன் தீனி. சனிக்கிழமை சனிக்கிழமை இங்கதான் டெலிவரி.”

அதற்குமேல் பேச வேண்டிய அவசியத்தைப் பிங்கி வைக்கவில்லை. ஆராவமுதனின் மடியிலிருந்து ஒரே தாவு. மேடையேறி இரண்டு புழுவை மென்று விழுங்கியது. லாப்ரடார் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. பக் குழந்தை வண்டியோடு வந்தது. நவாப்கூட ஒன்றைப் பல்லில்லாமலே சப்பிப் பார்த்தது. ஏழு ஜென்மத்து வினையும் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது.

“ஏய், நீ கிருஷ்ணப்பா தானே!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. “ஆனேக்கல்ல எனக்கு ஏரிக்குள்ள பிளாட் வித்தவன்! தாடி வச்சா தெரியாதுன்னு நெனச்சியா?”

குருஜி சமையல்கட்டு வழியாக வெளியேறினார். அவசரத்தில் லாப்ரடாரின் வாலை மிதித்தார். அது அவருடைய பின்பக்கத்தில் தன் பல்வரிசையைப் பதித்தது. அன்றுதான் அவர் ஒரு நாயின் பல்லைப் பற்றி நேரடியாக ஏதோ தெரிந்துகொண்டார். மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்கு வரிசையில் நின்றபோது போலீஸ்காரர் ஒருவர் அவர் பக்கத்தில் வந்து நின்றதாகக் கேள்வி. வேப்பிலைப் புகை போட்டுக்கொள்ளாமல் ஊசிக்கு ஏன் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

மண்டபம் காலியானதும் ஆராவமுதன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேட்ஜைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பிங்கி திருப்தியாக ஏப்பம் விட்டது. உத்தமன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிங்கியின் மேலுதட்டை மெல்லத் தூக்கிக் காட்டினான். பல்லெல்லாம் பழுப்புக் காரை. ஈறு ரத்தச் சிவப்பு.

கிழவர் வெகு நேரம் பார்த்தார். “மூணு வருஷமா இவளை இங்க தூக்கிண்டு வரேன். இந்த வாயை ஒரு நாள்கூட நான் திறந்து பாக்கலையே, சார்.”

“நானும்தான் சார் பாக்கலை,” என்றான் உத்தமன். டாக்டர் அம்ருதாவின் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சஹானா அவன் மேஜைக்கு வந்தாள். முகத்தில் வெட்கம் இருந்தது. ஐந்து நிமிஷம் குருஜியைத் திட்டித் தீர்த்தாள். இப்படியும் ஏமாற்றுவார்களா என்று வியந்தாள். நல்லவேளை கண்ணைத் திறந்தாய் என்று நன்றி சொன்னாள். பிறகு நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“உத்தமன், இவன் ஃப்ராடு, ஒத்துக்கறேன். ஆனா ஒயிட்ஃபீல்டுல ஒருத்தர் இருக்காராம். நாய்க்கு நாடி பாக்கறாராம். அவர் நெஜமானவராம். மோச்சியைக் கூட்டிட்டு இந்த ஞாயித்துக்கிழமை போகட்டுமா?”

தெருநாய்க்கு ஒரு பிஸ்கட்டைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு பசியாக இருந்தாலும் அது முதலில் ஒருமுறை முகர்ந்து பார்க்கும், அப்புறம்தான் வாயில் வைக்கும். இரண்டு பட்டம் வாங்கியவர்களே, உங்களுக்கும் மூக்கு இருக்கிறது. அதற்கு மேலே மண்டையும் இருக்கிறது. விழுங்குவதற்கு முன்னால் இரண்டில் ஒன்றையாவது உபயோகப்படுத்துங்கள்.